வடைச் சட்டி எண்ணெயில் பயோடீசல்: கடலோரத்தில் தண்ணீரைத் தள்ளி வைக்கும் வேலை

பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்யும் கணக்கு எந்த ஊரிலும் ஒன்றுதான். ஒரு லிட்டர் எண்ணெய், 220 மில்லி மெத்தனால், 8 முதல் 12 கிராம் காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, உரப் பொட்டாஷ் அல்ல), 55 டிகிரி சூடு, ஒரு மணி நேரக் கலக்கல். அதே கணக்கைப் புதுச்சேரியிலோ கடலூரிலோ கார்த்திகை மாதத்தில் அப்படியே செய்தால், பல நேரம் ட்ரம்மில் நிற்பது எரிபொருளாக இருக்காது, கஞ்சி போல் திரண்ட சோப்பாக இருக்கும்.

காரணம் தண்ணீர். உளுந்து மாவின் ஈரம் வடை எண்ணெயில் இருக்கிறது. மீன் வறுவல் எண்ணெயில் மீனின் நீரும் உப்பும் இருக்கின்றன. திறந்து வைத்த காஸ்டிக் பொட்டாஷ் கடல் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. கடைசியில் எரிபொருளைக் கழுவப் பிடிக்கும் போர் தண்ணீர் வேறு கடினமானது. தண்ணீர் எங்கே நுழைகிறது, எந்த இடத்தில் அதை வெளியேற்ற வேண்டும் என்று தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் அளவைச் சரியாகப் பிடிக்கும் வேலைதான். ஆகவே இந்தப் பதிவில் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் அதிக இடம், இயந்திரத்துக்குக் கொஞ்சம்தான்.

வடிகட்டிய எண்ணெயை நேராக எஞ்சினில் ஊற்றினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். ஊற்றினால் ஓடும். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில்தான் ஓடியது. ஆனால் 40 டிகிரியில் தாவர எண்ணெயின் பாகுத்தன்மை டீசலைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. நாசில் அதைப் பூந்தூறலாகப் பிரிக்க முடியாமல் துளித்துளியாக அடிக்கும். எரியாத மிச்சம் நாசில் நுனியில் கரியாகப் படியும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும், எஞ்சின் ஆயிலில் இறங்கி அதைக் கெட்டியாக்கும். சில மாதங்களில் பம்ப்செட்டைப் பிரிக்க வேண்டி வரும். பயோடீசல் ஆக்குவது இந்தப் பாகுத்தன்மையைக் குறைக்கத்தான். எண்ணெயின் ஒரு மூலக்கூறில் கிளிசரினோடு மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் கோத்திருக்கும். கிளிசரினைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சங்கிலியோடும் ஒரு மெத்தனாலைப் பிணைத்தால் கிடைப்பது மெத்தில் எஸ்டர், அதாவது பயோடீசல். காஸ்டிக் பொட்டாஷ் அந்த மாற்றத்தை ஓட்டும் வினையூக்கி.

முதலில் மெத்தனால்

மெத்தனால் விஷயத்தைப் பதிவின் கடைசியில் எச்சரிக்கையாகப் போடுவது சரியில்லை. முதலில் சொல்லியாக வேண்டும். மே 2023-இல் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், ஜூன் 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் கள்ளச்சாராயத்தில் அத்தனை உயிர்களைக் குடித்தது இதே பொருள்தான். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் யாரோ கேனில் கொண்டுவந்து தருவதை வாங்காதீர்கள். அது சட்டக் குற்றம் என்பது ஒரு பக்கம். அந்தக் கேன் எங்கிருந்து கசிந்தது, இன்னும் எங்கெல்லாம் போகும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கல்லூரி ஆய்வகம், உரிமம் உள்ள சிறு தொழிற்கூடம், விவசாய உற்பத்தியாளர் குழு போன்ற இடங்களில் இதைச் செய்வதே முறை. உரிமம் கிடைக்காதவர்கள் எண்ணெயைச் சேர்த்து, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடலாம். அதுவும் நல்ல வேலைதான்.

மெத்தனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். சுமார் 30 மில்லி குடித்தாலே உயிர் போகலாம், அதற்கும் குறைவிலேயே கண் போகலாம். பாதிப்பு உடனே தெரியாது. 12 முதல் 24 மணி நேரம் ஆளை நன்றாகவே வைத்திருந்துவிட்டு, பிறகு பார்வை மங்கும். அதனால் வாயில் பட்டாலோ, உடம்பில் அதிகம் கொட்டினாலோ, 'ஒன்றும் செய்யவில்லையே' என்று வீட்டில் உட்காராமல் ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போய் 'மெத்தனால்' என்று பெயரைச் சொல்ல வேண்டும். இந்த நஞ்சை முறிக்கும் மருந்து இருக்கிறது. நேரத்தோடு கொடுத்தால்தான் பலன்.

இதன் தீப்பற்று நிலை சுமார் 11 டிகிரி. நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட அதைவிடச் சூடு அதிகம். அதாவது மூடி திறந்த மெத்தனால் கேனுக்கு மேலே எப்போதும் பற்றக்கூடிய ஆவி இருக்கிறது. அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. கேஸ் அடுப்பு, சிலிண்டர், பீடி, கார்பன் பிரஷ் உள்ள டிரில்லிங் மெஷின் எதுவும் அந்த இடத்தில் இருக்கக்கூடாது. கூரை மட்டும் உள்ள, நான்கு பக்கமும் காற்றோட்டமான கொட்டகை சரியான இடம். வீட்டுச் சமையலறையில் இதைச் செய்யவே கூடாது. சாதாரண முகக் கவசமும், பெயின்ட் அடிப்பவர்கள் போடும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் மெத்தனால் ஆவியை நிறுத்தாது. முழங்கை வரை ரப்பர் கையுறை, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, கால் மூடிய செருப்பு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளி சுத்தமான தண்ணீர், தீயணைப்பானும் ஒரு வாளி மணலும்: இவை இல்லாமல் கேனைத் திறக்காதீர்கள்.

எந்த எண்ணெய்

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டின் பஜ்ஜி வண்டியானாலும், தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மீன் கடையானாலும், சட்டியில் இருப்பது பெரும்பாலும் பாமாயில். குளிர் நாடுகளில் பாமாயில் பயோடீசலுக்குப் பெரிய தொல்லை உண்டு. 13 முதல் 16 டிகிரிக்குள் அது கலங்கி உறையத் தொடங்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை. தை மாதக் காலையிலும் இங்கே அவ்வளவு குளிர்வது அரிது. மாறாக, பாமாயில் எளிதில் காற்றில் கெட்டுப்போவதில்லை என்பது நமக்கு லாபம்.

ஒரே கடையில் வாங்கினாலும் எண்ணெய் ஒரே மாதிரி இருக்காது. அப்பளம், சிப்ஸ், பண்ணுருட்டி முந்திரி வறுத்த எண்ணெய் முதல் தரம். பொருளில் நீர் குறைவு, மசாலாவும் குறைவு. பூரி, பஜ்ஜி எண்ணெய் அடுத்தது. வடை எண்ணெய் கொஞ்சம் ஈரம். மீன், கோழி வறுத்த எண்ணெய் கடைசி. நீர், உப்பு, மசாலா மண்டி எல்லாம் சேர்ந்து வரும். பல நாள் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் நீர் கொழுப்பைப் பிளந்து தனிக் கொழுப்பு அமிலத்தை உண்டாக்கியிருக்கும். இந்த அமிலம்தான் காஸ்டிக் பொட்டாஷைத் தின்று சோப்பாக்குகிறது.

எண்ணெயின் மொத்தத் துருவக் கூறுகள் (காயக் காய எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் மேற்கொண்டு சமைக்கக்கூடாது என்ற விதி 1 ஜூலை 2018 முதல் நாடு முழுக்க நடப்பில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் பயன்படுத்திய எண்ணெயை எரிபொருளுக்குத் திருப்பும் 'ரூகோ' திட்டமும் தொடங்கியது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் எண்ணெய்க் கணக்கு எழுதி வைக்க வேண்டும். ஆகவே பெரிய ஓட்டல்களில் கேட்டால் 'வேறு ஆளுக்குப் போகிறது' என்பார்கள். அதில் குறுக்கே போகாமல் உங்கள் சொந்த மெஸ், மண்டபம், விடுதி எண்ணெயில் தொடங்குங்கள். ஒரு முறைக்கு 20 லிட்டர் போதும்.

சேர்த்த எண்ணெயை இரண்டு வாரம் ஆடாமல் வையுங்கள். கறுப்பு ட்ரம்மில் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வைத்தால் இன்னும் நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் எண்ணெய் இளகி, மண்டியும் நீரும் அடியில் இறங்கிவிடும். மேலே உள்ளதை மட்டும் மொண்டு, பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்து வடிகட்டுங்கள். அடியில் இருக்கும் இரண்டு மூன்று லிட்டருக்கு ஆசைப்பட வேண்டாம். தொல்லையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது உலர்த்துவது. எண்ணெயை 60 டிகிரிக்குச் சூடாக்கி, மூடி, சாக்குச் சுற்றி ஒரு நாள் விட்டு, அடி வால்வைத் திறந்து இறங்கிய நீரை விடுங்கள். பிறகு ஒரு இரும்புக் கரண்டியை நன்றாகக் காயவைத்து அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றிப் பாருங்கள். கடுகு வெடிப்பது போல் சடசடத்தால் நீர் இருக்கிறது. ஓசையின்றி ஒன்றிரண்டு குமிழி மட்டும் வந்தால் பரவாயில்லை. சடசடப்பு நிற்கவில்லை என்றால்தான் 105 முதல் 110 டிகிரி வரை காய்ச்ச வேண்டும். ஈர எண்ணெய் அந்தச் சூட்டில் பொங்கி வழியும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாமல், மெதுவாக ஏற்றுங்கள். தேவைக்கு மேல் நெடுநேரம் காய்ச்சினால் அமிலம் கூடும். அதனால் முதலில் சொன்ன 60 டிகிரித் தெளிவே எனக்கு எப்போதும் முதல் தேர்வு. இந்தக் காய்ச்சல் எல்லாம் மெத்தனால் கேன் வளாகத்துக்குள் வருவதற்கு முன்பே முடிந்து, அடுப்பு அணைந்திருக்க வேண்டும்.

ஆரத்தித் தண்ணீர்ச் சோதனை

எவ்வளவு காஸ்டிக் போடுவது என்பதை எண்ணெயின் அமிலம்தான் முடிவு செய்யும். நிறத்தைப் பார்த்தோ முகர்ந்தோ சொல்ல முடியாது. டைட்ரேஷன், அதாவது காஸ்டிக் கரைசலைத் துளித்துளியாக விட்டு அமிலத்தை அளக்கும் சோதனை, செய்தே ஆக வேண்டும்.

ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் சரியாக 1 கிராம் காஸ்டிக் பொட்டாஷைக் கரையுங்கள். பிரதான வேலைக்கு எந்த டப்பாவிலிருந்து எடுக்கப் போகிறீர்களோ அதே டப்பாவிலிருந்து எடுங்கள். ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதில் நிறங்காட்டி சில துளி. பினாப்தலீன் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மஞ்சள் தூளை அதே ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்த சாறு போதும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததும் தண்ணீர் சிவக்கிறதே, அதே வேதியியல். பி.எச். 8.5 அருகே மஞ்சள் சிவப்பாகத் திரும்பும், நமக்கு வேண்டியதும் அந்த இடம்தான். முதலில் ஆல்கஹாலில் மட்டும் காஸ்டிக் கரைசலைத் துளித்துளியாக விட்டு லேசாக நிறம் மாறும் வரை கொண்டுவாருங்கள். ஆல்கஹாலில் உள்ள அமிலம் இதில் கழிந்துவிடும். பிறகு 1 மில்லி எண்ணெயைச் சிரிஞ்சால் அளந்து விட்டு, கலக்கி, நிறம் மாறி 15 விநாடி நிற்கும் வரை கரைசலை விடுங்கள். செலவான மில்லிதான் ஒரு லிட்டர் எண்ணெய்க்குக் கூடுதலாக வேண்டிய கிராம். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே அரை மில்லிக்கு மேல் வித்தியாசம் வந்தால் எண்ணெய் சரியாகக் கலக்கப்படவில்லை என்று பொருள்.

2-க்குக் கீழே வந்தால் அருமையான எண்ணெய். 2 முதல் 5 வரை கவனமாகச் செய்யலாம். 4 மில்லி என்பது தோராயமாக 2 சதவீதம் தனிக் கொழுப்பு அமிலம். 5-ஐத் தாண்டினால் நல்ல எண்ணெயோடு கலந்து இறக்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கந்தக அமிலம் சேர்த்து அதைச் சரிசெய்யும் முறை ஒன்று உண்டு. சூடான எண்ணெய், மெத்தனால், கந்தக அமிலம் மூன்றையும் ஒரு கொட்டகையில் வைத்துக்கொண்டு புதியவர்கள் செய்யும் வேலை அல்ல அது.

இப்போது கணக்கு. தூய காஸ்டிக் பொட்டாஷ் என்றால் அடிப்படை அளவு லிட்டருக்கு 7 கிராம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 85 சதவீதம்தான், மீதி நீர். 7-ஐ 0.85-ஆல் வகுத்தால் 8.2. டைட்ரேஷன் 2.5 என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 10.7 கிராம், 20 லிட்டருக்கு 214 கிராம். டைட்ரேஷன் எண்ணைத் திரும்ப 0.85-ஆல் வகுக்கக்கூடாது. அதே டப்பாக் காஸ்டிக்கில் அளந்ததால் அந்தக் குறை அதிலேயே அடங்கிவிட்டது. இந்த இடத்தில் தவறுபவர்கள் நிறைய.

காஸ்டிக் சோடாவிலும் (சோடியம் ஹைட்ராக்சைடு) செய்யலாம். அடிப்படை லிட்டருக்கு 5 கிராம், டைட்ரேஷனும் சோடாவில் செய்ய வேண்டும். விலை குறைவு. ஆனாலும் நான் பொட்டாஷ் பக்கம்தான். மெத்தனாலில் வேகமாகக் கரையும். அடியில் இறங்கும் கிளிசரின் திரவமாகவே இருந்து வால்வில் எளிதாக இறங்கும், சோடாவில் அது ஆறியதும் மெழுகாக உறைந்து குழாயை அடைக்கும். கழிவு மண்ணில் சேர்ந்தாலும் பொட்டாசியம் பயிருக்கு உணவு. ஏற்கெனவே உப்பேறிக் கிடக்கும் கடலோர மண்ணில் சோடியத்தையும் ஏன் கொட்ட வேண்டும்?

பொட்டாஷ் டப்பாவைத் திறந்த அன்றே சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களில், ஒரு முறைக்கு ஒரு பாட்டில் என்று பிரித்து இறுக்கி மூடிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தட்டில் கொட்டி எடை போடும் இரண்டு நிமிடத்திலேயே வில்லைகள் பளபளத்து வியர்க்கத் தொடங்கும். வில்லைகள் ஒட்டிக் கட்டியாகியிருந்தால் எடையில் ஒரு பங்கு தண்ணீர். மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட் ஆகிவிட்டது, அது வேலை செய்யாது. அந்தப் பாட்டிலைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

கலப்பது

20 லிட்டர் எண்ணெய்க்கு மெத்தனால் 4.4 லிட்டர். வேதிக் கணக்குப்படி லிட்டருக்குச் சுமார் 130 மில்லி போதும். ஆனால் இந்த வினை இரு பக்கமும் ஓடக்கூடியது. மெத்தனால் உபரியாக இருந்தால்தான் நமக்கு வேண்டிய பக்கம் தள்ளும்.

மெத்தனாலையும் பொட்டாஷையும் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்ட கெட்டிப் பிளாஸ்டிக் கேனில் கலக்க வேண்டும். பொட்டாஷை மெத்தனாலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மூடி, மெதுவாகச் சுழற்றி, மூடியைச் சற்றுத் தளர்த்தி ஆவியை விட்டு, மறுபடி. கலவை சூடேறும். மொத்தமாகக் கொட்டினால் கேன் உப்பிப் பீய்ச்சும். ஒரு வில்லைகூட மிஞ்சாமல் கரைய வேண்டும். கரையாத வில்லை எண்ணெய்க்குள் போனால் அந்த இடத்தில் சோப்பு உருண்டைதான். அலுமினியம் வேண்டவே வேண்டாம். அலுமினியக் குண்டானைக் காஸ்டிக் அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். பழைய பால் கேன்களில் பலவும் அலுமினியம், பார்த்து வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வாளியும் அப்படித்தான்.

ரியாக்டருக்கு 40 லிட்டர் எவர்சில்வர் பால் கேன் பொருத்தம். அடியில் ஓர் அங்குலப் பந்து வால்வை (ball valve) வெல்டிங் செய்து, அங்கிருந்து அரை எச்.பி. வார்ப்பிரும்பு மோனோபிளாக் பம்ப் உறிஞ்சி மேலே திருப்பி ஊற்றட்டும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். மூடியிலிருந்து ஒரு குழாய் கொட்டகைக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் போக வேண்டும். முற்றிலும் அடைத்துவிட்டால் அழுத்தம் ஏறும். பி.வி.சி. குழாய் சூட்டிலும் எஸ்டரிலும் இளகும், இரும்பு அல்லது எவர்சில்வர் குழாய் போடுங்கள். ஸ்விட்ச் பத்தடி தள்ளி இருக்கட்டும்.

உலர்ந்த எண்ணெயைத் தள்ளி ஓரிடத்தில் 60 டிகிரிக்குச் சூடாக்கி ரியாக்டரில் ஊற்றினால் 55 அருகே வந்து நிற்கும். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும். 60-க்கு மேல் உள்ள எண்ணெயில் அதை விடவே கூடாது. வெப்பமானியைப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

கலவையை இரண்டு தவணையாக விடுவது கடலோரத்துக்கு மிகவும் உதவும். முதலில் ஐந்தில் நான்கு பங்கை விட்டு 45 நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்தி ஒரு மணி நேரம் விட்டால் கரும்பழுப்புக் கிளிசரின் அடியில் இறங்கும். அதை வடியுங்கள். மீதி ஒரு பங்கை விட்டு, திரும்ப 50 டிகிரிக்குக் குறையாமல் 45 நிமிடம். இதன் பலன் எங்கே இருக்கிறது என்றால், பொட்டாஷும் மெத்தனாலும் சேரும்போதே கொஞ்சம் நீர் பிறக்கிறது, அமிலத்தோடு சேரும்போதும் பிறக்கிறது. எவ்வளவு உலர்ந்த எண்ணெயானாலும் இந்த நீரைத் தவிர்க்க முடியாது. கிளிசரின் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். முதல் தவணைக் கிளிசரினை வடித்துவிட்டால் நீரும் அதோடு போய்விடும். இரண்டாம் தவணை ஏறக்குறைய உலர்ந்த கலவையில் வேலை செய்யும்.

இன்னொரு வழி, முந்தைய முறையில் கிடைத்த கிளிசரினைப் புதிய எண்ணெயோடு சூடாகக் கலக்கி, இறங்கவிட்டு வடிப்பது. அதில் மிச்சமிருக்கும் பொட்டாஷ் புதிய எண்ணெயின் அமிலத்தை அடக்கும், கிளிசரின் ஈரத்தை உறிஞ்சும். டைட்ரேஷனை அதன் பிறகு செய்யுங்கள். எண் குறைந்திருக்கும். மழைக்காலத்தில் மீன் வறுத்த எண்ணெய் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் இதுவே கைகொடுக்கும். அந்தக் கிளிசரினில் மெத்தனாலும் இருப்பதால், இந்த வேலையும் மூடிய ரியாக்டரில்தான்.

கடைசித் தவணைக்குப் பிறகு ஓர் இரவு விட்டால் மேலே தேன் நிறத்தில் எஸ்டர், கீழே கருப்பட்டிப் பாகு போல் கிளிசரின். 20 லிட்டருக்கு மூன்றரை முதல் ஐந்து லிட்டர் வரை கிளிசரின் இறங்கலாம். நடுவே வெள்ளையாக மூன்றாவது அடுக்கு நின்றால் அது சோப்பு. எல்லாம் ஒரே கூழாக நின்றால் நீர் அதிகம், அல்லது பொட்டாஷ் அதிகம். கிளிசரினே இறங்கவில்லை என்றால் பொட்டாஷ் குறைவு, அல்லது வீரியம் போன பொட்டாஷ்.

மூன்றுக்கு இருபத்தேழு

பிரிந்துவிட்டது என்பதற்காக வினை முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி எஸ்டரை விட்டுக் குலுக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். எஸ்டர் மெத்தனாலில் கரையும், மாறாத எண்ணெய் கரையாமல் அடியில் துளியாக நிற்கும். தெளிவாக இருந்தால் தேறியது. இந்தச் சோதனை 20 டிகிரி அளவிலான அறைகளுக்காக வகுத்தது. நம் ஊர் 33 டிகிரியில் மெத்தனால் கொஞ்சம் எண்ணெயையும் கரைத்துவிடும், தோற்றது தேறியதாகத் தெரியும். பாட்டிலை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்து பாருங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், யாராவது தண்ணீர் என்று எடுத்துவிடுவார்கள்.

துளி நின்றால் பயப்பட வேண்டாம். லிட்டருக்கு 50 மில்லி மெத்தனால், ஒன்றரை கிராம் பொட்டாஷ் வீதம் கரைத்து மறுபடி 55 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கழுவுவது

இத்தனை நேரம் தள்ளி வைத்த தண்ணீரை இப்போது நாமே ஊற்றப் போகிறோம். எஸ்டரில் கரைந்திருக்கும் சோப்பு, பொட்டாஷ், மெத்தனால் போக வேண்டும்.

முதலில் ஒரு பாட்டிலில் 150 மில்லி எஸ்டர், 150 மில்லி தண்ணீர் ஊற்றிப் பத்து விநாடி பலமாகக் குலுக்குங்கள். அரை மணிக்குள் இரண்டாகப் பிரிந்து, கீழே பால் நிறத் தண்ணீர், மேலே எஸ்டர் என்று நின்றால் முழுத் தொகுதியையும் கழுவலாம். மோர் போலவே நின்றால் கழுவத் தொடங்காதீர்கள். ஒன்று சோப்பு மிக அதிகம், இல்லையென்றால் வினை முடியவில்லை.

போர் தண்ணீர் வேண்டாம். கடலோரத்துப் போரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். குளிக்கும்போது சோப்பு நுரைக்காமல் திரிகிறதே, அதே திரிதல் எஸ்டருக்குள்ளும் நடக்கும். அந்தத் திரிசல் எஸ்டருக்கும் நீருக்கும் நடுவே தோலாக நின்று பிரியவே விடாது. ஐப்பசி மழையில் முதல் ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டுப் பிடித்த மழைநீர் இதற்கு மிகச் சிறந்தது. இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர்.

எஸ்டரின் மூன்றில் ஒரு பங்கு நீரைப் பூவாளியால் மேலிருந்து மழை போல் மெதுவாக விடுங்கள். கலக்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் வெண்ணீர் கீழே நிற்கும், வடியுங்கள். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவதற்கு மீன் தொட்டிக் காற்றுப் பம்பின் கல்லைக் கீழே போட்டுக் குமிழி விடலாம், நாலைந்து மணி நேரம் போதும். நாள் முழுக்க விட்டால் காற்று எஸ்டரைக் கெடுக்கும். வடியும் நீர் தெளிந்து, பி.எச். தாள் நீங்கள் ஊற்றிய நீரின் அளவையே காட்டினால் போதும். வழியில் மோராகிவிட்டால் 50 டிகிரிக்குச் சூடாக்கி, லிட்டர் நீருக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு கரைத்து விட்டு ஓர் இரவு பொறுங்கள். பிரியும்.

கடைசியாக உலர்த்துதல். 50 முதல் 55 டிகிரியில், மூடி திறந்து, பம்பால் மேலிருந்து திரையாக ஊற்றி ஊற்றி ஓட்டுங்கள். கலங்கலாக இருந்தது கண்ணாடியாகும். மழைக்காலத்தில் இரவில் இதைச் செய்யாதீர்கள். விடியற்காலைக் காற்றின் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டும்போது அந்தக் காற்று எதை உலர்த்தும்? உச்சி வெயில்தான் நேரம். பாட்டிலில் ஊற்றிப் பின்னால் தினசரித் தாளை வைத்தால் எழுத்து தெளிவாகப் படிக்க வர வேண்டும். மறுநாள் காலை திரும்பக் கலங்கியிருந்தால் 'குளிரில் உறைந்துவிட்டது' என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் அவ்வளவு குளிர் இல்லை. நீர் இன்னும் இருக்கிறது, அல்லது பாதி மட்டும் மாறிய எண்ணெய் (கிளிசரைடு) இருக்கிறது. காய்ந்த கரண்டிச் சோதனை எது என்று சொல்லிவிடும்.

வைப்பதும் ஓட்டுவதும்

5 மைக்ரான் ஃபில்டரில் விட்டு, கழுத்து வரை நிரப்பிய பிளாஸ்டிக் கேனில், நிழலில் வையுங்கள். பாதி நிரம்பிய கேன் இரவும் பகலும் கடல் காற்றை மூச்சாக இழுக்கும். டீசலைவிடப் பல மடங்கு நீரை பயோடீசல் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அடியில் நீர் தேங்கினால் பாசி போன்ற வழவழப்பு வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். செம்பு, பித்தளை, துத்தநாகம் சேர்ந்த பாத்திரங்கள் அதைச் சீக்கிரம் காறலாக்கும். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் பழைய வகைப் பம்ப்செட், ஜெனரேட்டர், படகு எஞ்சின் இவற்றில் முதலில் டீசலோடு ஐந்தில் ஒரு பங்கு கலந்து தொடங்கலாம். பயோடீசல் டாங்கில் பல வருடமாகப் படிந்ததைக் கழுவி இறக்கும். முதல் பத்து மணி நேரத்தில் ஃபில்டர் அடைத்து எஞ்சின் இழுவை குறைந்தால் குற்றம் எரிபொருளில் இல்லை. மாற்று ஃபில்டர் கையில் இருக்கட்டும். படகுக்காரர்கள் இந்தச் சோதனையைக் கரையில் வைத்தே முடித்துவிட வேண்டும், ஆழ்கடலில் அல்ல. இயற்கை ரப்பர் குழாய் ஊறிப் பிசுபிசுக்கும், எரிபொருளைத் தாங்கும் செயற்கை ரப்பரான வைட்டான் குழாய் போடுங்கள். பெயின்டின் மேல் சிந்தினால் உடனே துடையுங்கள், உரித்துவிடும். லிட்டருக்கு லிட்டர் சக்தி டீசலைவிடச் சுமார் எட்டு சதவீதம் குறைவு, அவ்வளவுதான். உயர் அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் சி.ஆர்.டி.ஐ. எஞ்சினும் புகைத் துகள் வடிகட்டியும் உள்ள புது பி.எஸ். 6 வண்டிகளில் இதை ஊற்றவே வேண்டாம். வடிகட்டியைச் சுத்தம் செய்யப் பின்னால் தெளிக்கும் எரிபொருளில் பயோடீசல் ஆவியாகாமல் எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கிவிடும்.

மிஞ்சும் கிளிசரினில் உபரி மெத்தனாலின் பெரும்பகுதி இருக்கிறது. அதைச் சோப்பு என்று கையில் தேய்க்கக் கொடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். மூடிய கலனில் மெத்தனாலை வாலை வடித்து (காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து) எடுத்த பிறகுதான் அது வேறு எதற்கும் ஆகும். எடுத்த பிறகு மரத்தூளோடும் சாணத்தோடும் குறைவான அளவில் கலந்து எருக்குழியில் போடலாம். கழுவிய நீரை எலுமிச்சை உப்புப் போட்டு பி.எச். 7-க்குக் கொண்டுவந்து, எருக்குழிக்கே கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வாய்க்காலிலோ, பெண்ணையாறு, கெடிலம் பக்கமோ, தெருச் சாக்கடையிலோ விட வேண்டாம். முதல் கழுவலின் நீரில் மெத்தனால் அதிகம், அதைத் தனி ட்ரம்மில் பூட்டி வைத்துக் கிளிசரினோடு சேர்த்தே வாலை வடியுங்கள்.